மக்கு யாவும் மதிலுக்கு வெளியே

முன்னொரு காலத்தில் மருதவேலி நாட்டை மகுடவர்மன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால், ஆணையிடுவதில் அவனுக்கு அடங்காத ஆசை. ஒருமுறை, அவையில் தும்முகிறவர் எழுந்து நின்றுதான் தும்ம வேண்டும் என்று ஆணையிட்டான். அமைச்சர்கள் ஒரு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டே ஆலோசனை கூறினார்கள்.

அவனுடைய அரண்மனைத் தோட்டத்தைப் பேணியவள் குப்பம்மாள். மூத்த குழந்தைகள் மூன்றும் தங்காமற்போகவே, நான்காவதாகப் பிறந்தவளைப் பெற்றோர் குப்பையில் புரட்டியெடுத்து அப்பெயரை இட்டிருந்தனர். அரண்மனை நின்ற இடமோ ஆற்றோரத்து மணல்மேடு. ஊற்றிய நீர் கண்ணெதிரே உள்ளே இறங்கி ஓடிவிடும் நிலம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சருகையும் சாணத்தையும் கொழிஞ்சித் தழையையும் குழியிலிட்டு மக்கவைத்து, அந்த மக்கைச் செடிதோறும் இட்டு, மணலைக் கருமண்ணாக்கியிருந்தாள். அதில் மலர்ந்த குண்டுமல்லிதான் அரசியின் கூந்தலுக்குப் போகும்.

அவைப்புலவர் அலங்காரநாவருக்குச் 'சொல்லேருழவர்' என்று பட்டம். மெய்யான ஏரை அவர் தொட்டதில்லை. ஒருநாள் மல்லிகையை நூறு அடிகளில் பாடி அவர் நிமிர்ந்தபோது, மன்னன் கொட்டாவி விட்டபடி, பாட்டைவிடப் பூவே நன்றாக மணக்கிறதென்று சொல்லித் தோட்டக்காரிக்குப் பட்டாடை அனுப்பினான். அன்றுமுதல் புலவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே தோட்டத்துக்குப் போனார். பாத்தி வெட்டிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, குற்றியலுகரம் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார்.

"அது எந்த மாசத்தில் காய்க்கும், ஐயா?" என்றாள் குப்பம்மாள்.

போதாதா? புலவர் நேரே அவைக்கு விரைந்தார். கற்றோர் வாழும் அரண்மனையில் இப்படியொரு மக்கு இருப்பது மன்னன் புகழுக்கே மாசு என்றார். புதிய ஆணைக்கு ஏங்கிக் கிடந்த மன்னன், "மக்குகளை வெளியேற்றுங்கள், ஓலையை நீரே எழுதும்" என்றான். புலவர் எழுத்தாணியை எடுத்தார். 'யாவரும்' என்று எழுதினால் அவளையும் மனிதரோடு சேர்த்ததாகிவிடுமே என்று எண்ணி, இகழ்ச்சியோடு அஃறிணையில் எழுதினார்: 'மதிலுக்குள் உள்ள மக்கு யாவும் ஏழு நாள்களுக்குள் அகற்றப்படல் வேண்டும்.'

காவலர் பத்துப் பேர் வந்து ஓலையைப் படித்தபோது குப்பம்மாளின் மண்வெட்டி நின்றது. யாரைக் குறிக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. இந்தப் பாத்திகளைவிட்டு எங்கே போவது? இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த புலவரை நோக்கினாள்.

"மாடு கன்று யாவும் வந்தன என்போம், மக்கள் யாவரும் வந்தார்கள் என்போம். நானோ மனுசி. ஓலையில் ஏதும் பிழை நேர்ந்துவிட்டதோ, ஐயா?"

"பிழையா? என் ஓலையில் ஒரு புள்ளிகூடப் பிசகாது."

"அப்படியானால், 'யாவும்' சரிதானே?"

காவலர் பத்துப் பேரும் புலவரின் முகத்தையே பார்த்தார்கள். "சரிதான்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவ்வளவுதான். குப்பம்மாள் அக்காவலர்களிடமே கூடைகளைக் கொடுத்தாள். குழியில் கிடந்த மக்கு, செடிகளின் தூரில் மண்ணோடு கலந்திருந்த மக்கு என ஒன்றுவிடாமல் அள்ளி மதிலுக்கு வெளியே கொட்டச் செய்தாள். பிள்ளையின் சோற்றைத் தானே பறிப்பதுபோல் நெஞ்சு வலித்தது. ஆயினும் வேறு வழி இல்லை.

பங்குனி பிறந்தது. மதிலுக்கு வெளியே கொட்டிய மக்குமேட்டில் யாரும் விதைக்காத பூசணி, கொடியோடிக் காய்த்துக் கிடந்தது. உள்ளே மல்லிகை மஞ்சளித்து நின்றது. அரசியின் கூந்தல் வெறுமையாக இருக்கக் கண்ட மன்னன் சீறினான். தக்க விடை சொல்லாவிட்டால் அன்றே நாடு கடத்துவதாகக் குப்பம்மாளுக்கு ஆளனுப்பினான்.

அவள் அடியில் துளையிட்ட இரண்டு பானைகளோடு அவைக்கு வந்தாள். ஒன்றில் தோட்டத்து வெறுமணல். மற்றொன்றில் மதிலுக்கு வெளியே கிடந்த மக்கைக் கலந்த மணல். ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு நீரை மன்னனையே ஊற்றச் சொன்னாள். முதற்பானையின் நீர் ஊற்றிய வேகத்திலேயே ஒழுகியோடி, அருகே அமர்ந்திருந்த புலவரின் காலை நனைத்தது. இரண்டாவதிலிருந்து சில துளிகளே சொட்டின.

"மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கத் தெரியாது, மகாராசா. செடிக்கு வேண்டிய சத்தும் நீரோடு ஓடிப்போகும். இரண்டையும் பிடித்துவைப்பது மக்குத்தான்."

பிறகு இரண்டாவது பானையைக் கிளறி ஒரு மண்புழுவை உள்ளங்கையில் ஏந்தினாள். புலவர் இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கிக்கொண்டார்.

"இவன் ஏரில்லாமலே உழுகிறவன். மக்கைத் தின்று மண்ணைப் பொலபொலப்பாக்குவான். மக்குப் போனதும் இவனும் தோட்டத்தைவிட்டுப் போய்விட்டான்."

"மக்கை ஏன் வெளியேற்றினாய்?"

"தங்கள் ஆணை. 'யாவும்' என்று எழுதியதில் பிழையே இல்லையென்று புலவரும் உறுதி சொன்னார்."

மன்னன் மெல்லத் திரும்பினான். "புலவரே, அந்த ஓலையில் நீர் குறித்தது இவளையா, மக்கையா?"

இவளைத்தான் என்றால், உயர்திணையை அஃறிணையாக்கிய இலக்கணப் பிழை. மக்கைத்தான் என்றால், அரசியின் மல்லிகையை வாடவைத்த பழி. அலங்காரநாவர் இரண்டு பானைகளையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், உயிரே போனாலும் இலக்கணம் போகலாகாதென்று துணிந்து, "மக்கைத்தான், மன்னா" என்றார்.

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். "அகற்றச் சொன்னவரே திரும்பக் கொண்டுவாரும். காவலர் எவரும் கை கொடுக்கக்கூடாது." குப்பம்மாளுக்கு என்ன வேண்டுமென்று கேட்டான். இனித் தோட்டத்தைப் பற்றி எந்த ஆணையும் இடாதிருந்தால் போதும் என்றாள் அவள். பொன் கேட்டிருந்தால் எளிதாகக் கொடுத்திருப்பான். இதைக் கொடுக்கத்தான் மன்னன் சற்றுத் தயங்கினான். ஆனாலும் கொடுத்தான்.

மறுநாள் விடிந்ததும் பட்டு மேலாடையை இடுப்பில் வரிந்துகட்டி, தலையில் சும்மாடு வைத்து, முதற்கூடையோடு தள்ளாடி வந்தார் புலவர். இன்னும் எத்தனை கூடை இருக்கும் என்று கேட்டார்.

"எண்ணவில்லை, ஐயா. பன்னிரண்டு வருசத்து மக்கு" என்று சொல்லிவிட்டு, அவருக்கு நடக்க வழிவிட்டு ஒதுங்கி நின்றாள் குப்பம்மாள்.