அக்கரைக்கு ஒரு ஹலோ

எனக்கு முதலில் கெடுதல் செய்தது எஸ்டேட் மேனேஜர் தனராஜ்தான். பங்களா காவல்காரனான என்னை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்றார். கண்ணுக்குத் தெரியாதவர் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுப்பது எங்கள் வழக்கம்; பேய் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். அதனால் போனையும் மூன்றாவது மணியில்தான் எடுப்பேன்.

“முதல் மணியிலேயே எடுத்து ஹலோ சொல்லு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது.”

“ஹலோன்னா என்னங்கய்யா?”

“அக்கரையில நிக்கிற படகுக்காரனைக் கூப்பிட அந்தக் காலத்து வெள்ளைக்காரன் போட்ட சத்தம்டா அது.”

அப்போது, செத்துப்போன பெரிய முதலாளியின் அறையில் போன் ஒரு மணி அடித்து ஓய்ந்தது. அவர் இறந்த அன்றே பிடுங்கிய ஒயர், சுருட்டியபடி மேசைமேல் கிடந்தது. திறந்திருந்த கதவு வழியே இருவரும் அதைப் பார்த்தோம்.

“போய் எடுடா” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“எடுக்கிறேங்கய்யா. ஹலோ சொல்லி அக்கரையிலிருந்து அவரைக் கூப்பிட்டுடுறேன். வந்தா உங்களைத்தானே கேப்பாரு?”

இரண்டாவது மணி அடித்தது. உள்ளே போய்ப் போனை எடுக்கக் கையை நீட்டினேன். பின்னாலேயே வந்த தனராஜ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மூணாவது மணியும் அடிக்கட்டும், மாசிலாமணி.”

அது அடிக்கவே இல்லை.

என் வேலை போகவில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் என்னை முட்டாள் என்றாரே, அந்த வார்த்தையை அவர் இன்னும் திரும்ப வாங்கவில்லை.