சீனியம்மா கழுவின மீன் தொட்டி

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா இருந்தா. படுத்துக்கிட்டே கேளு, காலை ஆட்டாத. அவ வீட்டுத் தரையில நம்ம மூஞ்சி தெரியும், அப்படிக் கழுவுவா. வெள்ளிக்கிழமை வந்தாப் போதும், குத்துவிளக்குல இருந்து கதவுத் தாப்பா வரைக்கும் புளி போட்டு சரக் சரக்னு தேய்ப்பா. ஈ கூட அங்க உக்கார யோசிக்கும். ம் சொல்லு.

அவ வீட்டுக்காரர் கொண்டல்சாமி. மில்லு வேலையில இருந்து நின்னப்புறம் அவருக்குப் பொழுது போகல. அப்போ ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிட்டு வந்தாரு. கூழாங்கல்லை அலசிப் போட்டாரு, செடி நட்டாரு, தண்ணி விட்டாரு, மோட்டாரைப் போட்டாரு. பொளக் பொளக் பொளக். ஆனா மீனை மட்டும் விடல. வாரக்கணக்கா வெறுந்தண்ணிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"ஏங்க, மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்குக் காவலு?"

"தண்ணி பழகட்டும் சீனி."

தண்ணி பழகுமாக்கும்னு இவளுக்குச் சிரிப்பு. அப்புறம் ஒருநாள் ஒரே ஒரு தங்கமீன் வந்துச்சு. அந்த மனுசனுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. தொட்டிக்குள்ள சிவப்பா ஏதோ ஒண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் போறது மட்டும்தான் தெரியும். "ஆபரேசன் முடியட்டும், மொதல்ல இவனைத்தான் பாக்கணும். செதிலு, வாலு எல்லாத்தையும் நல்லாப் பாக்கணும்"னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அப்போ என்னைப் பாக்க வேணாமான்னு அவளுக்குச் சுருக்குனு இருக்கும். இருக்காதா பின்ன?

அப்போ தொட்டிக் கண்ணாடியில பாசி படிஞ்சுது. அவளுக்குக் கை அரிச்சுது, சோப்புத் துணியோட வந்தா. "சோப்பு ஆகாது சீனி"ன்னாரு. துணிய வச்சுட்டுப் போயிட்டா.

அப்புறம் தண்ணிய மாத்தலாம்னு குடத்தோட வந்தா. "பூரா மாத்தக் கூடாது. கால்வாசி எடுத்துட்டு, வாளியில பிடிச்சு வச்ச பழைய தண்ணிய ஊத்தணும். குழாய்த் தண்ணியில மருந்து இருக்கு"ன்னாரு. மொணங்கிக்கிட்டே போயிட்டா.

மூணாவது அந்த மோட்டார்ல தண்ணிய வடிகட்டுற பஞ்சு. கருப்பா, வழவழன்னு. அதைப் பாத்தா அவளுக்குச் சோறு இறங்கல. "அதுலதான் சீனி கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் குடியிருக்கு. மீனோட அழுக்கை அதுகதான் தின்னு தீர்க்குது. தொட்டித் தண்ணியிலயே லேசா அலசினாப் போதும்"னாரு. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணு தெரியாத மனுசன் சொல்றாராம். அவ நம்பல.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் கண் முகாம் பஸ் வந்து அவரை ஏத்திட்டுப் போச்சு. சீனியம்மா யோசிச்சா. புதுக் கண்ணோட வர்ற மனுசன் மொதல்ல பாக்கப்போறது அந்தத் தொட்டியத்தான், அது அழுக்கா இருக்கலாமான்னு. ஆசைதான் கண்ணு, வேற ஒண்ணுமில்ல.

மீனை வாளியில விட்டா. கல்லை அள்ளித் தேய்ச்சா, சரக் சரக். கண்ணாடியத் தொடைச்சா, கீச் கீச். பஞ்சைக் குழாயடியில வச்சுப் பிழிஞ்சா பாரு, கருப்பெல்லாம் போயி வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. சோப்பு மட்டும் போடல, அந்த ஒரு பேச்சைக் கேட்டா. குழாய்த் தண்ணிய நெறயப் பிடிச்சு மீனை விட்டா. சளக். அம்புட்டுப் பளிச்சு, கண்ணாடி இருக்குறதே தெரியல.

மறுநா விடிஞ்சு பாக்குறா, மீன் மேல வந்து வாயை வாயைத் தொறக்குது. பசி போலன்னு தீனி போட்டா. திங்கல. அப்புறம் அது ஒருக்களிச்சுப் படுத்துக்கிச்சு. இவ கைய விட்டு நிமித்துறா, அது சாயுது. நிமித்துறா, சாயுது. பாவி மக, அவ என்ன பண்ணுவா. செம்பருத்திச் செடிக்கடியில புதைச்சா.

அப்போ கடைக்குப் போயி இன்னொரு தங்கமீன் வாங்கி விட்டுறலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அவருக்கு எங்க அடையாளம் தெரியப்போகுது? செருப்பைக்கூட மாட்டிட்டா. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டா.

கொண்டல்சாமி கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாரு. நேரா தொட்டிக்கிட்டதான் வந்தாரு. கண்ணாடியக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாத்தாரு.

"மீன் எங்க சீனி?"

"நான்தாங்க கழுவினேன். பஞ்சையும் கழுவிட்டேன்."

அவர் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு. ரெண்டு திட்டு திட்டியிருந்தா அவளுக்கு ஆறியிருக்கும். திட்டல. மோட்டார் மட்டும் பொளக் பொளக்னு ஓடுது.

"சரி விடு. நான்தான் பாக்கல. நீ நல்ல கண்ணோட தெனம் பாத்தவதானே, எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

அவ வாயைத் தொறந்தா. எந்த மூலையில பாசி படியும்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ஆனா அந்த மீனுக்கு வாலு நீளமா குட்டையா, வயிறு வெள்ளையா மஞ்சளா, ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. ஒருநாள் கூட அவ அதை உக்காந்து பாத்ததில்ல. புதைக்கிறப்பவும் அழுகை வந்து கண்ணை மறைச்சிருச்சு.

"சிவப்பா இருந்துச்சுங்க"ன்னா.

"அது எனக்கும் தெரியும் சீனி"ன்னாரு.

அம்புட்டுதான், கதை இத்தோட சரி. கண்ணை மூடிக்க, தூங்கு.