ஔ இருந்த இடம்

"அவன்கிட்ட என்ன டீச்சர் இருக்கு, என்கிட்ட இல்லாதது?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே பிச்சைக்கனி கேட்டுவிட்டார்.

பிரம்மசக்தி டீச்சர் ஒரு கைபேசியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். கையில் சின்னத் திருப்புளி. நிமிரவில்லை.

"யாருகிட்ட அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்கீங்க."

"தெரியும். உங்க வாயால பேர் வரட்டும்னு பாத்தேன்."

"சௌரிமுத்து," என்றார் பிச்சைக்கனி. மாத்திரை நாக்கில் கரைந்துவிட்டதுபோல் வாய் ஒரு பக்கம் கோணியது.

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு வலைக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். லினக்ஸ் என்ற திறந்த மென்பொருள் ஓடும் கைபேசி வைத்திருந்த ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். ஊர்க்காரர்கள் கேலியாக அதை மடம் என்றார்கள். கூடியவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். பிச்சைக்கனிக்கு ஐம்பத்தொன்று. படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கணினியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மாடியில் கற்றது.

அந்தக் கைபேசியில் திரை விசைப்பலகையைக்கூட நாமே செய்துகொள்ளலாம். எந்த எழுத்து எந்த வரிசையில், எவ்வளவு அகலத்தில் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிச் சேமித்தால் போதும். விசைகள் அப்படியே இடம் மாறி நிற்கும். ச-வை அழுத்தி இ-யை அழுத்தினால் சி வரும்.

பிச்சைக்கனி மூன்று வருடம் உட்கார்ந்து ஒரு விசைப்பலகை செய்தார்.

சௌரிமுத்து ஒரு மாதத்தில் ஒன்று செய்தான்.

கைபேசியின் மென்பொருளைச் செய்கிறவர்கள் தமிழுக்கு ஒரே ஒரு விசைப்பலகை கேட்டிருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமை அது மடத்திலிருந்து போக வேண்டும். இனி அந்தக் கைபேசியைத் திறக்கும் தமிழர் யாரானாலும் முதலில் பார்க்கப் போவது அதைத்தான். கோப்பின் முதல் வரியில் செய்தவர் பெயர் இருக்கும்.

"உங்க போன்லயே அவன் கீபோர்டுதான் இருக்கு. போன வாரம் பாத்தேன்."

"ஆமா."

"ஏன் டீச்சர்?"

"தப்பு கம்மியா வருது."

"என்னோடதுல?"

டீச்சர் திருப்புளியைக் கீழே வைத்தார். தன் கைபேசியை எடுத்து நீட்டினார்.

"உங்க கீபோர்டை மூணு பேருக்குக் குடுத்தோம்ல. அவங்க அனுப்பினது இது. ஐஸ் பேக்டரி கிளார்க்."

திரையில் இருந்தது: வந்தௌட்டேன்.

"ஏலக்கூடத்துல இருந்து."

மீன் இறக்கௌயாச்சு.

"இது அந்தோணியம்மா, அவங்க மகளுக்கு எழுதினது."

ஔம்மா பேசறேன்.

"அ-வுக்குப் போற விரல் ஔ-ல விழுது. இ-க்குப் போற விரலும் அங்கதான் விழுது," என்றார் டீச்சர்.

"விரல் பழகணும். நான் இஷ்டத்துக்கு வைக்கல. எண்ணி வச்சிருக்கேன்."

எண்ணியது உண்மை. அடிக்கடி வரும் எழுத்து கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எது அடிக்கடி வருகிறது என்று தெரிய எழுத்துகளை எண்ண வேண்டும். அடுத்தவர் எழுதியதை எடுத்து எண்ணுவது மரியாதை இல்லை என்று, தன் கைபேசியில் தான் எழுதியதை மட்டும் எடுத்தார். மூன்று வருடக் குறுஞ்செய்திகள், மடத்தின் அரட்டைக் குழுவுக்கு எழுதியவை, எழுதி அனுப்பாமல் விட்டவை, தனக்குத்தானே குறித்து வைத்தவை. ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் எழுத்துகள்.

உயிரெழுத்துகளில் அ முதலில் வந்தது. பிறகு இ. பிறகு உ.

நான்காவது ஔ.

அவருக்கே ஆச்சரியம். மறுபடி எண்ணினார். அதே நான்காவது. எண்ணிக்கைக்குத் தலைவணங்கி, அ-வுக்கும் இ-க்கும் நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்தார்.

"தமிழ்ல ஔ அவ்வளவு வருமா அண்ணாச்சி?"

"எண்ணிக்கை சொல்லுதே."

"ஔவையார். அப்புறம்?"

"பௌர்ணமி. கௌரவம்." கொஞ்சம் யோசித்தார். "மௌனம்."

"மூணு வருஷமா மௌனத்தைப் பத்தியா எழுதினீங்க?"

பிச்சைக்கனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவன் எப்படிச் செஞ்சான் தெரியுமா? எண்ணவே இல்ல. உப்பளத்துலயும் ஏலக்கூடத்துலயும் ஒவ்வொருத்தர் கையிலயா போனைக் குடுத்து, எங்க தப்பா அழுத்துதாங்கன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னான். இதெல்லாம் ஒரு முறையா?"

"அவர் கோப்பைத் திறந்து பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"பாக்கவே இல்லையா?"

"அதுல பாக்க என்ன இருக்கு." பிச்சைக்கனியின் குரல் இறங்கியது. "டீச்சர், ஒண்ணு சொல்லிடுதேன். வெள்ளிக்கிழமை என்னோடது போகலேன்னா, இந்தப் படியை நான் இனி மிதிக்க மாட்டேன்."

டீச்சர் கையை நீட்டினார்.

பிச்சைக்கனி தன் கைபேசியைக் கொடுத்தார்.

டீச்சர் கோப்பைத் திறந்து ஒரே ஒரு எழுத்தை அழித்தார். திருப்பிக் கொடுத்தார். அ-வுக்கும் இ-க்கும் நடுவில் ஒரு விசை வெறுமையாக இருந்தது. அழுத்தினால் எதுவும் வரவில்லை.

"ஔ எங்க?"

"எடுத்துட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே எழுதுங்க. அது இல்லாம முடியலேன்னா வந்து சொல்லுங்க. உங்களோடதையே அனுப்பிடுதேன்."

"கேலி பண்ணுதீங்களா?"

திருப்புளி மறுபடி டீச்சர் கையில் இருந்தது.

இறங்கும்போது படியில் சௌரிமுத்து எதிரே வந்தான். உப்பு ஏற்றும் லாரிகளை எடைமேடையில் நிறுத்திச் சீட்டு எழுதுகிறவன். குழுவில் 'உப்புக்காரன்' என்ற பெயரில் இருந்தான். கையில் மக்ரூன் பொட்டலம்.

"அண்ணாச்சி, ஒண்ணு எடுத்துக்கோங்க."

"சுகர் இருக்கு."

"போன மாசம் எடுத்தீங்களே?"

"இப்ப வந்துட்டுது."

பிச்சைக்கனி கடைசிப் படியை அடைவதற்குள் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. டீச்சரும் சிரித்தார். தான் சொன்ன எதற்கும் டீச்சர் அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

சாலையில் நின்றே கைபேசியை எடுத்தார். மனைவி ஜெயக்கொடிக்கு எழுத வேண்டும்.

'பாத்தியா, இந்தச் ச'

கட்டைவிரல் தானாக நடுவுக்குப் போனது. எதுவும் வரவில்லை. ச மட்டும் தனியாக நின்றது.

சவுரி என்று எழுதலாம். ஆனால் அவர் அப்படி எழுதுகிறவர் அல்ல. "கவுரவம்னு எழுதினா அதுல என்ன கௌரவம் இருக்கு?" என்று குழுவில் ஒருவரைப் பிடித்து உலுக்கியவர். வாக்கியத்தை அழித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

எண்ணுவது அவருக்குப் பழக்கம். பிஸ்டன் ரிங் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில், வெறும் விசையில் விரல் விழும்போதெல்லாம் ஒரு கோடு போட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினான்கு கோடு. திங்கட்கிழமை பத்தொன்பது.

திங்கட்கிழமை டீச்சருக்கு ஒரு கடிதம் தொடங்கினார். முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் விரல் நின்றது. 'ச' என்று ஓர் இடம். 'என் க' என்று இன்னோர் இடம். கடிதம் அதற்கு மேல் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜெயக்கொடியிடமிருந்து செய்தி வந்தது.

'சாப்பாடு குடுத்து விட்டிருக்கேன். அந்த உப்புக்காரர் ஊர்ல இல்லையா?'

'ஏன் கேக்க?'

'மூணு நாளா அவரைப் பத்தி ஒரு வரியும் வரல. காய்ச்சலோன்னு நினைச்சேன்.'

'யாருக்கு?'

'உங்களுக்குத்தான்.'

பிச்சைக்கனி அதை இரண்டு முறை படித்தார்.

புதன்கிழமை பழைய எழுத்தையெல்லாம் மறுபடி எடுத்தார். முன்பு கைபேசியிடம் எழுத்தை எண்ணச் சொன்னவர், இந்த முறை ஔ வரும் சொற்களைப் பட்டியலிடச் சொன்னார்.

ஔவையார் ஒரு முறை. மௌனம் இரண்டு முறை. பௌர்ணமி நான்கு. கௌரவம் இருநூற்று ஆறு.

மீதி எல்லாம் ஒரே சொல்.

தள்ளிக்கொண்டே போனார். அந்தச் சொல் முடியவில்லை. கட்டைவிரல் வலித்தது. கடைக்கு வந்த ஆள் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கு யாரோ தவறிட்டாங்க போல" என்று பக்கத்துக் கடைக்குப் போனான்.

வியாழக்கிழமை அட்டையில் கோடு இல்லை. அன்று அவர் யாருக்கும் எதுவும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மாடியேறினார். டீச்சர் மேசைக் கணினியின் முன்னால் இருந்தார். பக்கத்தில் சௌரிமுத்து. திரையில் இரண்டு கோப்புகளும் தயாராக இருந்தன.

"என்ன அண்ணாச்சி," என்றார் டீச்சர். "ஔ வேணுமா?"

பிச்சைக்கனி சௌரிமுத்துவின் பக்கம் கையை நீட்டினார்.

"இவனோட கோப்பைத் திறங்க டீச்சர். பாக்கணும்."

டீச்சர் திறந்தார்.

முதல் வரியில் இருந்தது: செய்தவர் சவுரிமுத்து.

பிச்சைக்கனி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"பேரைத் தப்பா அடிச்சிருக்கியே தம்பி."

"இல்லையே அண்ணாச்சி."

"சௌரிமுத்து. ஔகாரம்."

"நான் ச, வு போட்டுத்தான் எழுதுவேன். பள்ளிக்கூடத்துல அப்பா எழுதிக் குடுத்தது அப்படி. ரேஷன் கார்டுலயும் அதான்."

"அப்ப இந்தச் சௌ..."

"என் பேர்ல அந்த எழுத்தே கிடையாது அண்ணாச்சி."

பிச்சைக்கனி நாற்காலியைத் தேடிக் கைகளால் துழாவினார்.

"குழுவுல மூணு வருஷமா அப்படித்தானே எழுதிக்கிட்டிருக்கேன். ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம்ல?"

சவுரிமுத்து கொஞ்சம் நெளிந்தார்.

"திட்டித்தானே எழுதுவீங்க. நமக்குத் தெரியாத வேற யாரையோ சொல்லுதீங்கன்னு நினைச்சுக்குவேன். படிக்கக் கஷ்டமா இருக்காது."

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வலைக் கடையில் யாரோ நைலான் கயிற்றை முழம் போட்டு எண்ணும் சத்தம் கேட்டது.

பிச்சைக்கனி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கோப்பை வரிவரியாகப் படித்தார். அ-வும் இ-யும் ஒரு விரல் தள்ளி நின்றன. ஈரக் கைக்குத் தப்பாமல் இருக்க, இடைவெளி விசை இரண்டு பங்கு அகலம். அழிக்கும் விசைக்குப் பக்கத்தில் அவசரமான எழுத்து எதுவும் இல்லை. நன்றாக இருந்தது. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்காதா என்று தேடத் தேட இன்னும் நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது. எரிந்தபடியே கடைசி வரி வரை போனார்.

அங்கே விரல் நின்றது.

"இதுல ஔ எங்க?"

சவுரிமுத்து எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"விட்டுப் போயிருக்கு. எத்தனையோ பேர் கையில குடுத்தேன், ஒருத்தரும் தேடல. அதான் எனக்கும் தெரியல."

"ஔவையாரை எப்படி எழுதுவாங்க?"

"அட, ஆமா!"

டீச்சர் எழுந்து கணினியின் விசைப்பலகையைப் பிச்சைக்கனியின் பக்கம் தள்ளினார்.

"நீங்களே சேத்துடுங்க. சேத்தா அனுப்பிடலாம்."

பிச்சைக்கனி கை வைத்தார். பழக்கத்தில் கர்சர் அ-வுக்கும் இ-க்கும் நடுவில் போய் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. ஒரு மூலையில், ஓ-வை அழுத்திப் பிடித்தால் மட்டும் எட்டிப் பார்க்கும் எழுத்தாக அதைச் சேர்த்தார்.

சவுரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"அவ்வளவு தூரத்துலயா? அந்த எழுத்தை அதிகமா எழுதுதவரே நீங்கதானே அண்ணாச்சி?"

"அதுக்குத்தான் தம்பி," என்றார் பிச்சைக்கனி.