திரும்பாத கிண்ணம்

ராஜா யானையில் போனார், மந்திரி குதிரையில் போனார், மற்றவர்களெல்லாம் நம்மைப் போல நடந்து போனார்கள். அப்படியொரு காலம். அந்தக் காலத்தில் வைரவனூர் என்று ஓர் ஊர். அங்கே வெள்ளத்தாயி என்று ஒருத்தி.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்! விடியுமுன் வாசல் தெளிப்பாள். வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் நிலைப்படி தாண்ட மாட்டாள். அவள் வீட்டுக் குடத்தைப் பார்த்து நீங்கள் தலை சீவிக்கொள்ளலாம். வீட்டைக் கழுவுவாள், கொல்லையைக் கழுவுவாள், கழுவின பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். அவள் புருஷன் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் அவனையும் கழுவிவிடுவாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

சரி, அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? நீங்கள் யாராவது கேட்டீர்களா? அவளும் கேட்கவில்லை. கொல்லைச் சுவரின் அடியில் ஒரு துவாரம் இருந்தது. அழுக்குத் தண்ணீரெல்லாம் அதன் வழியாக அந்தப் பக்கம் ஓடிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் சரி என்று இருந்துவிட்டாள்.

அந்தப் பக்கம் அங்காயியின் வீடு. அவள் புருஷன் உப்பு வண்டியோடு தூர தேசம் போயிருந்தான். வீட்டில் அவளும் சின்ன மகன் தவசியும் மட்டும். இரண்டு பெண்களும் கூடப் பிறந்தவர்கள் போலப் பழகினார்கள். அங்காயி அக்கா என்று கூப்பிடுவாள், பிள்ளை பெரியம்மா என்பான். இந்த அடுப்பில் எது வெந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு பங்கு போகும். அந்தத் தெருவில் ஒரு வழக்கமும் உண்டு. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஒருநாள் அங்காயி தன் வெண்கலக் கிண்ணத்தில் கருப்பட்டிப் பணியாரம் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுத் தண்ணி எங்க கொல்லையில தேங்கி நிக்குது. கொசு மொய்க்குது, பிள்ளை தூங்க மாட்டேங்கிறான். கொஞ்சம் உங்க வாழைப் பக்கம் திருப்பிவிட்டா நல்லாயிருக்கும்."

வெள்ளத்தாயிக்குச் சுருக்கென்றது.

"என்னையா அழுக்குன்னு சொல்ற? ஊரே என் வாசலைப் பார்த்துத்தான் வாசல் தெளிக்குது!"

கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கிண்ணமும் இவள் வீட்டிலேயே நின்றுவிட்டது. பணியாரத்தை மட்டும் தின்றுவிட்டாள். கோபம் வேறு, பணியாரம் வேறு இல்லையா?

அடுப்படி மாடத்தில் அந்தக் கிண்ணம் அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கால் நின்றுவிட்டது. வெறுங்கிண்ணம் கொடுத்தால் அவள் வீட்டுக்கு ஆகாதே! பகையாளிக்குக்கூட அப்படிச் செய்யலாமா? திரும்பி வந்துவிட்டாள்.

அப்புறம் ஒருநாள் அதிரசம் சுட்டாள். நாலை எடுத்துக் கிண்ணத்தில் அடுக்கினாள். "நானா முதல்ல இறங்கிப் போகணும்? அவ வந்து கேட்கட்டும்" என்று மறுபடி எடுத்துத் தட்டிலேயே போட்டாள். அங்காயி வந்து கேட்கவேயில்லை. கேட்காமல் இருப்பது இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் முறை, யாரும் பார்க்காமல் கொல்லைச் சுவரில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். ஒரு பிடி முருங்கைக்கீரையும் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

அந்தக் கொல்லையில் எருமை படுக்கலாம் போல அவ்வளவு தண்ணீர், பச்சை பிடித்துக் கிடந்தது. இவள் பாத்திரம் தேய்த்துப் போட்ட புளிச்சக்கை அதில் மிதந்தது. பின்வாசலில் தவசி காய்ச்சலில் துவண்டு அம்மா மடியில் கிடந்தான். அங்காயி தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சி வைத்துக்கொண்டு கெஞ்சினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"என் கிண்ணம் எங்கம்மா? கிண்ணத்துலதான் குடிப்பேன்."

"பெரியம்மா வீட்டுல இருக்கு சாமி. வெறுங்கிண்ணமாத் தருவாங்களா உன் பெரியம்மா? உனக்குன்னு ஏதோ நல்லதாச் செய்யுறாங்க. அதான் நேரமாகுது. இப்ப இதைக் குடி, என் ராசா."

வெள்ளத்தாயி கிண்ணத்தைச் சுவரில் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டாள். அடிப் பாவி, இத்தனை நாளும் நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்தே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓடிப்போய் நொய்யரிசியை அடுப்பில் ஏற்றினாள். அது வேகும் வரை சும்மா நிற்க முடியவில்லை. மண்வெட்டியை எடுத்தாள். சுவர்த் துவாரத்தைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தாள். தன் கொல்லையில் வாழை வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினாள். உள்ளங்கை கொப்புளித்தது, சேலையெல்லாம் சேறு. கையைக் காலைக் கழுவிக்கொண்டு, கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, சேலையை மாற்றக்கூட நிற்காமல் ஓடினாள்.

"அங்காயி!"

கதவு திறந்தது. வெள்ளத்தாயி கிண்ணத்தை நீட்டினாள். அங்காயி சேற்றுச் சேலையைப் பார்த்தாள், கொப்புளித்த கையைப் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே ஊட்டுங்கக்கா" என்றாள்.

தவசி கண்ணைத் திறந்தான்.

"இவ்வளவு நேரமா பெரியம்மா?"

"ஆமா ராசா. நல்லதாச் செய்ய நேரமாயிருச்சு."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தான், இன்னொரு மடக்குக் குடித்தான், கிண்ணம் காலியாகும் வரை குடித்தான்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கொல்லைத் தண்ணீரை இறைத்துவிட்டு மண் போட்டு மூடினார்கள். மெல்ல மெல்லப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. அந்த வருஷம் வெள்ளத்தாயியின் வாழை குலை தள்ளியது. கிண்ணம் மறுபடி பணியாரத்தோடு வந்திருந்த நேரம். பழுத்த முதல் சீப்பை அதில் வைத்தாள், கிண்ணம் கொள்ளவில்லை. அப்படியே கையால் பிடித்துக்கொண்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அதனால் பிள்ளைகளே, பெரியவர்களே, நம் வீட்டு அழுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் சுத்தம்.