சுருள்காதுக் குட்டியும் காட்டுப்பூனையும்

ஒரு காட்டில், மலைச்சாலை கொண்டை ஊசியாக வளைகிற இடத்துக்குக் கீழே, ஒரு காட்டுப்பூனை புதருக்குள் தனியாக வாழ்ந்தது.

போன மழைக்காலத்தில் அது எலி பிடிக்கப் போன நேரம் பார்த்து நரி வந்து மூன்று குட்டிகளையும் தூக்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து காட்டுப்பூனைக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. "எவ்வளவு கொழுத்த எலியாப் பிடிச்சாலும் யாருக்குக் கொடுக்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்.

ஒரு நாள் காலை வளைவில் ஒரு கார் நின்றது. கதவு திறந்ததுதான் தாமதம், ஒரு சீமைப் பூனைக்குட்டி வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு வெளியே குதித்தது. சரிவில் உருண்டு நேராகக் காட்டுப்பூனையின் காலடியில் வந்து விழுந்தது. மேலே யாரோ "பட்டு! பட்டு!" என்று வெகுநேரம் கூப்பிட்டார்கள். பயத்தில் குட்டிக்குக் குரலே எழவில்லை. பிறகு கார் போய்விட்டது.

காட்டுப்பூனை ஆசையாகக் குட்டியின் முகத்தைப் பார்த்தது. பார்த்ததும் அதன் மனசு சுருங்கிவிட்டது. குட்டியின் காதுகள் இரண்டும் பின்பக்கமாக மடங்கிச் சுருண்டிருந்தன.

பூனைகளுக்குள் ஒரு பேச்சு உண்டு, குழந்தைகளே. காது முன்னால் நிமிர்ந்திருந்தால், "நீ எனக்கு வேண்டியவன்." பின்னால் மடங்கினால், "உன்னைக் கண்டால் பயம், கிட்டே வராதே." வாய் பேசுவதற்கு முன்னால் காது பேசிவிடும்.

"பாவம், என்னைப் பார்த்துப் பயப்படுது. போகப் போகச் சரியாயிடும்" என்று காட்டுப்பூனை ஓரடி தள்ளியே படுத்தது.

குட்டிக்கு எலியைத் தின்னத் தெரியவில்லை. காட்டுப்பூனை பிய்த்துக் கொடுத்தது. குட்டிக்குக் குளிர் தாங்கவில்லை. காய்ந்த இலைகளைச் சேர்த்துப் படுக்கை போட்டது.

"பெரியம்மா, வீட்டுல என்னை வளர்க்கிற அம்மா பஞ்சு வச்சு என் காதை மெதுவாத் துடைச்சு விடுவாங்க. நீங்க நக்கி விடுறீங்களா?" என்று குட்டி கேட்டது.

காட்டுப்பூனையும் காது நோகாமல் நக்கிவிட்டது. ஆனால் கண் மட்டும் காதிலேயே இருந்தது. நிமிர்கிறதா? இல்லை.

குட்டி அதன் வாலைக் கட்டிக்கொண்டு தூங்கும். தொண்டைக்குள் குர்ர் குர்ர் என்று பாடும். எதுவும் காட்டுப்பூனையின் மனசில் ஏறவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகக் காதைத்தான் பார்க்கும். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடும்.

ஒரு நாள் மேலே சாலையில் யாரோ கிண்ணத்தில் கரண்டியால் டங் டங் என்று தட்டினார்கள். குட்டி எழுந்து நின்றது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு திரும்பி வந்து வாலருகே சுருண்டு படுத்துக்கொண்டது. காட்டுப்பூனையோ அப்போதும் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மரத்தில் ஒரு குரங்கு இருந்தது. அதற்குத் தெரியாத வைத்தியமே கிடையாது. கேட்காவிட்டாலும் சொல்லும்.

"என்ன அக்கா, முகம் வாடிக் கிடக்கு?"

"இவ்வளவு செஞ்சும் இந்தக் குட்டிக்கு என்மேல பாசம் வரலையே தம்பி. காதைப் பாரு, இன்னும் பயந்துதான் கிடக்கு."

"இதுக்கா கவலை? காதை முன்னால இழுத்துக் கட்டு. காது நிமிர்ந்தா பாசம் தானா வந்துடும்!"

ஏக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். காட்டுப்பூனை குட்டியைப் பிடித்துக்கொண்டது. குரங்கு காதுகளை முன்பக்கம் வளைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டியது.

"வலிக்குது பெரியம்மா!"

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ, என் கண்ணு. எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்."

காது நிமிர்ந்து நின்றது. காட்டுப்பூனைக்கு உடம்பெல்லாம் பூரிப்பு. ஆனால் அன்று குட்டி வாலருகே வரவில்லை. மூலையில் போய் முதுகைக் காட்டிப் படுத்தது. குர்ர் சத்தமும் இல்லை. இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு அது நின்ற பிறகுதான் காட்டுப்பூனைக்கு நினைவு வந்தது.

மூன்றாம் நாள் குட்டி முனகத் தொடங்கியது. காட்டுப்பூனை ஓடிப்போய்க் கொடியைக் கடித்து அறுத்தது. காதுகள் பழையபடி பின்னால் சுருண்டன. ஓரமெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னுமா என்கிட்ட பயம்?" என்று காட்டுப்பூனை அழுதது.

"பயமா? என் காதே இப்படித்தான் பெரியம்மா. என்னைப் பெத்த பூனையம்மாவுக்கும் அண்ணனுக்கும்கூட இப்படித்தான் இருக்கும். பயமா இருந்தா உங்க வாலைக் கட்டிக்கிட்டுத் தூங்குவேனா?"

காட்டுப்பூனை சிவந்த காது ஓரத்தை மெதுவாக நக்கிக் கொடுத்தது.

அப்போது மேலே மறுபடியும் டங் டங் சத்தம் கேட்டது. "பட்டு! பட்டு!" என்று தழுதழுத்த குரல்.

"அன்னைக்கும் அம்மா வந்து இப்படித்தான் என் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிட்டாங்க. நீங்க தனியா இருப்பீங்களேன்னு நான் போகல" என்றது குட்டி. "இப்போ காது ரொம்ப வலிக்குது பெரியம்மா. அம்மா மருந்து போடுவாங்க. நான் போகட்டுமா?"

போகாதே என்று சொல்லக் காட்டுப்பூனைக்கு ஆசைதான். ஆனால் அந்த வீங்கிய காதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்லும்? "போ, கண்ணு" என்றது.

குட்டி சரிவில் ஏறியது. பாதி வழியில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. காதுகள் எப்போதும் போலப் பின்னால்தான் மடங்கியிருந்தன. இந்தத் தடவை காட்டுப்பூனை காதைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தது.

இன்றைக்கும் கார்ச் சத்தம் கேட்டால் காட்டுப்பூனை வளைவுக்கு ஏறி வந்து உட்காருகிறது. ஒருவேளை குட்டி பார்த்தால் தெரியட்டும் என்று, தன் காதுகள் இரண்டையும் நன்றாக முன்னால் நிமிர்த்தி வைத்துக்கொள்கிறது.

நீதி: தனக்குத் தெரிந்த அடையாளத்தில் மட்டுமே அன்பைத் தேடுகிறவர், பக்கத்தில் இருக்கும் அன்பை இழப்பார்.