மெல்லப் பேசிய தூதன்

முன்னொரு காலத்தில், மேகம் இறங்கிவந்து படுத்துத் தூங்கும் ஒரு மலையில், அருவிக்குப் பக்கத்திலேயே அரண்மனை கட்டி ஆண்டுவந்தான் கொடுமுடி வேந்தன். சபைக்குள் சாரல் வரும். தூண்களுக்கிடையே வானவில் நிற்கும். பார்த்தால் கனவு மாதிரி இருக்கும். ஆனால் பேசினால் காதில் விழாது. அதனால் உறுதியாகப் பேசுவதென்றால் அங்கே தொண்டை கிழியக் கத்துவதுதான்.

ஒருநாள் ஓடக்காரி கயலாள், முத்துத்தீவின் தூதனை அழைத்துவந்தாள். அவன் அரியணைக்கு அருகே போய், "நீங்கள் சிறைபிடித்த எங்கள் முத்துக்குளிப்பவர்கள் ஏழு பேரையும் விடுங்கள். அவர்கள் இல்லாமல் நான் திரும்பமாட்டேன்" என்றான், தூங்கும் குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோல.

அமைச்சர் வச்சணந்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கெஞ்சுகிறான் மகாராஜா! ஓர் அதட்டல் போடுங்கள், ஓடிவிடுவான்."

ராஜா அதட்டினான். தூதன் பதறிப்போய், தன் மேல்துண்டை அவிழ்த்து ராஜாவிடம் வீசினான். "கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்! பயப்படாதீர்கள்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் முகம் சிவந்தது.

"எவ்வளவு திமிர்! தலையை வெட்டுங்கள்" என்றார் வச்சணந்தி. ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

கயலாள் குறுக்கே ஓடிவந்தாள். "ஐயோ மகாராஜா! அவங்க ஊர்ல தண்ணியில மூழ்குறவங்கதான் கத்துவாங்க. அதான் காப்பாத்தப் பார்த்தாரு. உறுதியா சொல்றதை அவங்க மெதுவாத்தான் சொல்லுவாங்க."

"மெதுவாகச் சொன்னால் உறுதியா? நிரூபி. இல்லையென்றால் உன் தலையும் போகும்" என்றார் வச்சணந்தி.

"மகாராணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்க, போதும்."

மகாராணி வந்தாள். நடந்ததைக் கேட்டாள். அரியணையை ஒட்டி நின்று, ராஜாவையே பார்த்து, மிக மெல்ல, "உங்கள் இஷ்டம்" என்றாள்.

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அதான் மகாராணியே சொல்லிட்டாங்களே. வெட்டச் சொல்லுங்க மகாராஜா" என்றாள் கயலாள்.

"சும்மா இரு, பெண்ணே! அது சம்மதமா? அவள் கத்துகிற நாளில் எனக்குப் பயமே கிடையாது. இப்படி மெல்லப் பேசினால்தான்..."

ராஜா பாதியில் நிறுத்தினான். தூதனைத் திரும்பிப் பார்த்தான். அரியணையிலிருந்து இறங்கி அவனருகே வந்து, வாழ்நாளில் முதல்முறையாக மெல்லச் சொன்னான்: "ஏழு பேரையும் அழைத்துப் போ."

கயலாளுக்குச் சபையில் ஆசனம் கிடைத்தது. வச்சணந்தியை ஓராண்டு முத்துத்தீவில் தூதராக இருக்கச் சொல்லிவிட்டான் ராஜா.

அசையாமல் கிடக்கும் அந்த நீலக் கடலோரத்தில் அவருக்கு நல்ல மரியாதைதானாம். ஆனால் அவர் அதிகாரமாக வாயைத் திறந்த உடனே, நாலு பேர் கயிற்றோடு ஓடிவந்துவிடுகிறார்களாம்.