ஆற்றுப் பக்கச் சுவர்

பால்வண்ணத்துக்கு அந்தக் கோடையில் ஒரே கவலைதான். குரு வடிவம்மை வெயிலில் வாடிக்கொண்டிருந்தார்.

ஆற்றங்கரை மடத்தில் அவருக்கென்று இருந்தது ஒரு தகரக் கூரை அறை. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து அதற்குள் கண்மூட முடியவில்லை. போன வாரம் வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார்.

பால்வண்ணம் குருவைவிட வயதில் மூத்தவர். ஊர் ஊராகப் பங்களாக்கள் கட்டிக் கொடுத்துவிட்டு, போதும் என்று மடத்துக்கு வந்தவர். "அம்மாவுக்கு நானே ஒரு கோடை வீடு கட்டுகிறேன்" என்று மருத மரத்தடியில் வேலையைத் தொடங்கினார்.

சின்ன வீடுதான். ஆனால் முடிந்தபாடில்லை. மூன்று பக்கமும் சுவர் எழும்பி, ஓலையும் வேய்ந்தாயிற்று. ஆற்றுப் பக்கச் சுவர் மட்டும் இடுப்பளவில் நின்றது. அதில் புத்தக அலமாரி வைக்கலாமா, விளக்கு மாடம் வைக்கலாமா என்று கட்டுவதும் இடிப்பதுமாக இருந்தார்.

"வீடு எப்படி இருக்கிறது, ஐயா?" என்று வடிவம்மை கேட்பார்.

"இன்னும் குறை இருக்கிறது அம்மா. குறையோடு உங்களை எப்படிக் குடிவைப்பேன்?"

வடிவம்மை தகரத்தடிக்கே திரும்பிவிடுவார்.

ஒருநாள் உச்சி வேளை. பால்வண்ணம் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். வடிவம்மை கக்கத்தில் பாயோடு, மரத்தையும் சுவரையும் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார்.

"அம்மா, கதவுகூட இன்னும் மாட்டவில்லையே!"

"கொஞ்சம் தள்ளுங்கள்."

தரையில் கிடந்த செங்கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, அரைச் சுவரை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்தார். ஆற்றைத் தொட்டு வந்த காற்று சுவருக்கு மேலாக உள்ளே இறங்கியது. சேலைத் தலைப்பு மெல்ல அசைந்தது.

பால்வண்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குறட்டை கேட்டது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சாந்துக் கரண்டிச் சத்தத்தில் அம்மா விழித்துவிடக் கூடாதே என்று அப்படியே உட்கார்ந்திருந்தார். குழைத்த சாந்து சட்டியிலேயே இறுகிப்போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் வடிவம்மை எழுந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பசிக்கிறது ஐயா" என்றார்.

பால்வண்ணம் மடப்பள்ளிக்கு ஓடிப்போய் மோர்ச்சோறு கொண்டுவந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இந்தச் சுவரை எப்போது முடிக்கட்டும் அம்மா?"

வடிவம்மை ஆற்றைப் பார்த்தபடி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மழை வந்து கேட்கட்டும், ஐயா."